எந்தக் கை

புதன் பிற்பகல். நோயாளிகள் இல்லை.
'பயிற்சி நடக்கிறது' என்று க்வென்னோ கதவில் ஒட்டிய தாள்
ஒரு மூலை மட்டும் பிரிந்து காற்றில் அடித்துக்கொள்கிறது.
வெளியே முகத்துவாரம் வற்றி
படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருக்கின்றன.

கார்டிஃபிலிருந்து மழையில் ஓட்டிவந்த பெவர்லி
முட்டை சாண்ட்விச்சை ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குகிறார்:
ஒப்புதல் என்பது கையெழுத்து அல்ல.
விலையை முன்பே சொல்லுங்கள், ஊசியைப் பிறகு எடுங்கள்.
'வலிக்காது' என்று சொல்லாதீர்கள்,
அது உங்கள் வலி இல்லை.

க்வென்னோ கேட்கிறாள்:
'மன்னிக்கவும் என்று சொல்லலாமா?
முன்பு வேலைசெய்த இடத்தில் காப்பீட்டுக்காரர்கள்
அந்தச் சொல்லையே பூட்டி வைத்திருந்தார்கள்.'
'சொல்லலாம்,' என்கிறார் பெவர்லி. 'தாராளமாக.'
க்வென்னோ குறித்துக்கொள்கிறாள்,
ஏதோ கடன் தள்ளுபடி ஆனதுபோல.

நான் எதையும் குறிக்கவில்லை.
பதினோரு ஆண்டுகளாக உறிஞ்சுகுழாய் பிடிப்பவள் நான்.
வாயைத் திற என்கிறோம்,
திறந்தபின் யாராலும் பேச முடிவதில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறு என்று
சொல்லவே முடியாத ஓர் இடம் உலகில் உண்டென்றால்
அது இந்த நாற்காலி.
அதனால்தான் அந்த ஏற்பாடு:
வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்.
ரோட்ரி ஒரு நாளைக்கு இருபது முறை சொல்வார்,
வானிலை அறிக்கை வாசிப்பதுபோல.

போன மார்ச்சில் இட்வாலிடமும் சொன்னார்.
இட்வால் ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்தவர்.
பக்கவாதம் வந்து இடது பக்கம் போய்விட்டது;
படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அது இருந்தது,
நாங்கள் முதல் பக்கத்தில் இருந்தோம்.
மடியில் கிடந்தது அந்தக் கை,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறையாக.
வலது கை நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் சொன்னது இடது கை.
நாற்பது ஆண்டு சிக்னல்காரர்
சொல்லாத நெம்புகோலைத் தொட மாட்டார்.

நான் பார்த்தது அவருடைய காலணியை.
குதிகால் நாற்காலி விளிம்பில்
தட்டி, தட்டி, நின்று, தட்டி.
எண்ணினேன். பதினான்கு.
பதினைந்தாவதில்தான் 'நிறுத்துங்கள்' என்றேன்.

அவர் புகார் எழுதவில்லை.
கோணிய வாயால் வெல்ஷில் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.
புகார் இல்லாததால் கோப்பு இல்லை.
கோப்பு இல்லாததால், ஆய்வுக்கு வந்தவர்கள்
எங்கள் அலமாரியைப் பார்த்துத்
திருப்தியாகத் தலையசைத்தார்கள்.

'இப்போது நடித்துப் பார்ப்போம்,' என்கிறார் பெவர்லி.
ரோட்ரி நோயாளி. நான் மருத்துவர்.
இருபத்திரண்டு ஆண்டில் முதல்முறையாக அவர்
அந்த விளக்கை அடியிலிருந்து பார்க்கிறார்.
எல்லோரும் சிரிக்கிறார்கள். குழாயை அவர் உதட்டோரம் மாட்டுகிறேன்.
உடனே இடது கையைத் தூக்குகிறார், குறும்பாக.

'அது இன்று வேலை செய்யாது,' என்கிறேன்.

கை இறங்குகிறது.
குழாய் மட்டும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.
அவர் கண்கள் என்னிடம் வந்து,
கூரைக்குப் போய், அங்கேயே நிற்கின்றன.
பெவர்லி தன் தாள்களைப் புரட்டுகிறார்;
இதற்கு அதில் பக்கம் இல்லை.

இரண்டு வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது.
தொடர்புத் திறன், மூன்று மணி நேரம்.
என் பெயர் எலினெட்.
எலினோர் என்று ஒருத்தி தேர்ச்சி பெற்றிருந்தாள்.

அதற்கெல்லாம் முன்பு, வியாழன் காலையிலேயே,
முதல் ஆளாக வந்தவன் காடோக். ஏழு வயது.
'நிறுத்தச் சொல்ல எந்தக் கையைத் தூக்குவாய்?'
ரோட்ரி கேட்டார்.
காடோக் வெகுநேரம் யோசித்தான்.
இரண்டையும் தூக்கினான்.
கடைசிவரை இறக்கவே இல்லை.
அந்தக் கைகளுக்கு நடுவே குனிந்து,
நிறுத்தி, நிறுத்தி,
நாற்பது நிமிடத்தில் ஒரு சின்னப் பல்லை அடைத்தோம்.

வெளியே, காத்திருந்தவர்களிடம்
க்வென்னோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்,
தாராளமாக.